இடம் கொடுத்தவர் கதை: பிலிப்பைன்ஸும் அமெரிக்கப் படைத்தளங்களும்

"இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்" என்பது நம் பழமொழி. ஊரை விட்டு வந்து வாடகை வீடுகளில் குடித்தனம் நடத்திய நமக்கு இதன் இரண்டு பக்கமும் தெரியும். வீட்டுக்காரர் பதினோரு மாசத்துக்கு மேல் அக்ரிமெண்ட் எழுத மாட்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும் என்று ஷரத்து மேல் ஷரத்தாகப் போடுவார். கையெழுத்துப் போடும்போது நமக்கு எரிச்சல் வரும். ஆனால் வீடு தன் கையை விட்டுப் போகாமல் இருக்க அவரிடம் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

ஒரு நாடு தன் மண்ணில் வேறொரு நாட்டின் படைக்கு இடம் கொடுக்கும்போதும் ஏறக்குறைய இதே கதைதான். குடிவருபவர் கையில் பீரங்கி இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்நியப் படைத்தளம் என்றதும் சிலர் "அடிமைத்தனம்" என்பார்கள், சிலர் "பாதுகாப்பு" என்பார்கள். இரண்டும் அவசரமான பதில்கள். எத்தனை வருஷத்துக்கு, யார் கையில் சாவி, குற்றம் நடந்தால் யார் விசாரிப்பது, போகும்போது என்ன விட்டுப் போவது என்ற விவரங்களைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதைப் புரிந்துகொள்ள பிலிப்பைன்ஸைப் போன்ற நல்ல பாடம் வேறு இல்லை. தளத்தைக் கொடுத்து, அரை நூற்றாண்டு சகித்து, பிறகு "போய் வாருங்கள்" என்று சொல்லி, மறுபடி வேறு விதமாக வரவேற்ற நாடு அது. விசாகப்பட்டினத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் நான். சரித்திரம் எனக்கு ஓய்வு நேரத்துப் படிப்பு. அந்த இரண்டு கண்களாலும் பார்த்ததை நம் சங்க மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எப்படி வந்தார்கள்?

பிலிப்பைன்ஸ் 1565 முதல் 333 ஆண்டுகள் ஸ்பெயினின் கையில் இருந்தது. லூசோன் தீவின் மேற்குக் கரையில், மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் சூபிக் விரிகுடா இருக்கிறது. ஆழமான தண்ணீர், சுற்றிலும் மலை, புயலுக்கு ஒதுங்க அருமையான இடம். இதைக் கண்டுகொண்டு அங்கே 1885ல் கடற்படைக் கிடங்கு கட்ட ஆரம்பித்தவர்கள் ஸ்பானியர்கள்தான்.

1898 மே 1ஆம் தேதி மணிலா விரிகுடாவில் அமெரிக்கத் தளபதி டூயி ஸ்பானியக் கப்பற்படையை ஒரே காலைப் பொழுதில் அழித்தார். அந்த டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி 2 கோடி டாலருக்கு பிலிப்பைன்ஸ் கைமாறியது. அந்த நாட்டு மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களோ ஏற்கெனவே ஸ்பெயினை எதிர்த்துப் போராடிச் சுதந்திரப் பிரகடனமும் செய்திருந்தார்கள். விளைவு, 1899 முதல் 1902 வரை புது எஜமானருடன் ஒரு கொடிய யுத்தம். அது முடிந்த கையோடு சூபிக்கில் அமெரிக்கக் கடற்படை நிலைகொண்டது. மணிலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் குதிரைப்படை முகாமாக ஆரம்பித்த இடம் கிளார்க் விமானத்தளமாக வளர்ந்தது.

தளம் இருந்தால் நாடு பத்திரம் என்பார்கள். 1941 டிசம்பர் 8ஆம் தேதி அந்த நம்பிக்கை தூள்தூளானது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் செய்தி வந்து பல மணி நேரமான பிறகும், கிளார்க்கில் வரிசையாக நின்றிருந்த அமெரிக்க விமானங்களை ஜப்பானியர் தரையிலேயே வைத்து நொறுக்கினார்கள். 1942 மே மாதத்துக்குள் கடைசிக் கோட்டையான கொரெகிடோரும் விழுந்தது. 1945ல் மணிலாவை மீட்கும் சண்டையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். தளம் எதிரியை விலக்கி வைக்கும் என்பது பாதி உண்மை. எதிரியின் முதல் குறியாக ஆகும் என்பது மீதிப் பாதி.

99 வருஷக் காகிதம்

1946 ஜூலை 4ஆம் தேதி பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் வந்தது. தலைநகரம் இடிபாடாகக் கிடந்தது, கஜானா காலி. யுத்த நஷ்டஈட்டுக்கு அமெரிக்கா பணம் ஒதுக்கியது. ஆனால் அதில் பெரும்பகுதி கைக்கு வர ஒரு நிபந்தனை. நாட்டின் நிலம், சுரங்கம், காடு இவற்றில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்குச் சமமான உரிமை தர வேண்டும். அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். 1947 மார்ச் 11ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்பில் திருத்தம் நிறைவேறியது. மூன்றே நாள் கழித்து, மார்ச் 14ஆம் தேதி, ராணுவத் தள ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தை ஒரு வீட்டுக்காரர் கண்ணோடு படித்தால் தலை சுற்றும். உடனே பயன்படுத்த 16 இடங்கள், கேட்டபோது கொடுக்க 7 இடங்கள், ஆக 23. காலம் 99 வருஷம், அதாவது 2046 வரை. வாடகை கிடையாது. தளத்துக்குள் நடக்கும் குற்றங்களில் பெரும்பாலானவற்றையும், வெளியே கடமை நேரத்தில் அமெரிக்கச் சிப்பாய் செய்யும் குற்றத்தையும் அமெரிக்க ராணுவமே விசாரிக்கும். காலி செய்யும்போது இடத்தைச் சுத்தம் செய்து தரவேண்டும் என்ற பேச்சே இல்லை.

இதில் ஒரு விசித்திரம், ஒலோங்காப்போ என்ற ஊரே தளத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தது. சுதந்திரம் வந்து பதிமூன்று வருஷம், அதாவது 1959 டிசம்பர் வரைக்கும், அந்த ஊரை நிர்வாகம் செய்தது அமெரிக்கக் கடற்படை. சொந்த நாட்டில், சொந்த ஊரில், அந்நியக் கடற்படை அதிகாரியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு அந்த மக்கள் இருந்தார்கள்.

தளம் எதற்கு?

பத்திரிகைகளில் தளம் என்றால் விமானமும் ஏவுகணையும்தான் படமாக வரும். என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், போர்க்கப்பலுக்குத் தேவை சண்டைக்கு முன்னும் பின்னும்தான் அதிகம். எண்ணெய் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், வெடிமருந்து ஏற்ற வேண்டும். அடிப்பாகத்தில் சிப்பி படிந்தால் வேகம் குறையும், ஓர் உந்துதண்டு வளைந்தால் கப்பல் அப்படியே நிற்கும். டிரை டாக் இல்லாத கடலில் கப்பற்படை அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியாது. பசிபிக்கைக் கடந்து கலிபோர்னியாவுக்கோ ஹவாய்க்கோ போய் வருவதென்றால் வாரக்கணக்கில் ஆகும்.

சூபிக்கின் மகிமை இதில்தான். மிதக்கும் டாக்குகள், எண்ணெய்க் கிடங்குகள், வெடிமருந்துக் கிடங்குகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைதேர்ந்த பிலிப்பினோத் தொழிலாளர்கள். கூபி முனையில் ஒரு மலையை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டி, 1951 முதல் 1956 வரை உழைத்து விமான ஓடுதளம் போட்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலும் அதன் விமானங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் வசதி உண்டாயிற்று. தளத்தின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு.

வியட்நாம் யுத்தத்தில் இதன் அருமை தெரிந்தது. 1964ல் மாசத்துக்கு 98 கப்பல்கள் வந்த இடத்தில் 1967ல் 215 வந்தன. வியட்நாம் கரையோரம் குண்டு போட்டுவிட்டு, கிழக்கே வந்து பழுது பார்த்துக்கொண்டு, மாலுமிகளுக்கு ஓய்வும் கொடுத்துத் திரும்பப் போவார்கள். கிளார்க் வழியாக ஆட்களும் தளவாடங்களும் போயின. 1973ல் வட வியட்நாம் விடுவித்த 591 அமெரிக்கக் கைதிகள் முதலில் கால் வைத்த இடமும் கிளார்க்தான்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நாம் நினைக்க வேண்டாம். 1971 டிசம்பரில் எனக்குப் பதினேழு வயசு. இதே விசாகப்பட்டினத்தில் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். வங்காளதேச யுத்தம் முடியும் தறுவாயில் 'எண்டர்பிரைஸ்' என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலின் தலைமையில் ஓர் அணி மலாக்கா நீரிணையைத் தாண்டி வங்கக் கடலுக்குள் வருகிறது என்று செய்தி. எங்கள் தெருவில் அது ஒன்றே பேச்சு. டிசம்பர் 16ல் டாக்கா சரணடைந்தது, கப்பல் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனது. அந்த அணி அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையைச் சேர்ந்தது, வியட்நாம் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தது. அந்தப் படையை அந்தக் கடல்களில் வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம் சூபிக். பிலிப்பைன்ஸ் கொடுத்த இடத்தின் நிழல் நம் கடற்கரை வரைக்கும் நீண்டது. இடம் கொடுத்த நாடு, அந்த இடத்திலிருந்து யார் மீது படை போகும் என்பதைத் தீர்மானிக்க முடியாது என்பதும் இதில் தெரிகிறது.

யுத்தம் முடிந்து, 1979ல் சோவியத் கடற்படை வியட்நாமின் கம் ரான் விரிகுடாவில் வந்து உட்கார்ந்தது. தென் சீனக் கடலின் ஒரு கரையில் சூபிக், எதிர்க்கரையில் கம் ரான். 1988 செப்டம்பரில் கோர்பசேவ், "நீங்கள் பிலிப்பைன்ஸைக் காலி செய்யுங்கள், நாங்கள் கம் ரானை விட்டுவிடுகிறோம்" என்ற பொருளில் ஒரு யோசனை சொன்னார். அமெரிக்கா ஏற்கவில்லை. விடுதலை பெற்ற இரண்டு ஆசிய நாடுகளின் துறைமுகங்கள் இரண்டு வல்லரசுகளின் பேரப் பொருளாக இருந்தன.

வேலிக்கு வெளியே

பிலிப்பைன்ஸில் அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வேலை கொடுத்தவை இந்தத் தளங்கள்தான். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நேரடியாகச் சம்பளம் வாங்கினார்கள். வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் என்று தொழில் கற்றவர்கள் பிறகு வளைகுடா நாடுகளில் பேர் வாங்கினார்கள். ஒரு தகப்பனார் தளத்தில் வேலை பார்த்தால் பிள்ளைகள் காலேஜ் போனார்கள். இந்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

மறுபக்கமும் உண்டு. சூபிக் தளத்தின் வாசலுக்கும் ஒலோங்காப்போ ஊருக்கும் நடுவே ஒரு சாக்கடை வாய்க்கால். பாலத்தின் மேல் நின்று மாலுமிகள் காசு வீசுவார்கள், அதை எடுக்கப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் குதிப்பார்கள். பாலம் தாண்டினால் மதுக்கடைகளும், வறுமையால் அங்கே வந்து சேர்ந்த பெண்களும். அமெரிக்கத் தகப்பனுக்குப் பிறந்து, தகப்பன் முகம் அறியாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வளர்ந்தார்கள். இப்படிப் பிறந்த ஆசியப் பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேற 1982ல் அந்நாடு ஒரு சட்டம் செய்தது. வியட்நாம், கொரியா, தாய்லாந்து முதலிய நாடுகள் அதில் உண்டு. பிலிப்பைன்ஸ் இல்லை.

1964ல் தளத்தின் காவலர்கள் சுட்டுப் பிலிப்பினோக்கள் இறந்த சம்பவங்கள் நடந்து, மணிலாவில் கொதிப்பு ஏற்பட்டது. அதன் பலனாக 1965ல் விசாரணை அதிகாரம் பற்றிய ஷரத்து திருத்தப்பட்டது. காகிதத்தில் ஒரு வரி மாற இத்தனை உயிரும் இத்தனை ஊர்வலமும் தேவைப்பட்டன.

வாடகை என்று சொல்லாத வாடகை

1966 செப்டம்பர் 16ஆம் தேதி இரு நாட்டு வெளியுறவு மந்திரிகள் ஒரு திருத்தத்தில் கையெழுத்திட்டார்கள். 99 வருஷம் என்பது, அன்றிலிருந்து 25 வருஷம் என்று சுருங்கியது. அதாவது 1991 செப்டம்பர் 16 வரை. அன்றைக்கு யாரும் இதைப் பெரிசாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 25 வருஷம் என்பது தூரத்தில் இருந்தது. ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து அந்த ஒரு தேதிதான்.

1979 திருத்தத்தில் தளங்களின் மேல் பிலிப்பைன்ஸ் இறையாண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. பிலிப்பைன்ஸ் கொடி ஏறியது, பெயரளவில் பிலிப்பினோத் தளபதி வந்தார். கூடவே ஐந்து வருஷத்துக்கு 50 கோடி டாலர் உதவி. 1983ல் அது ஐந்து வருஷத்துக்கு 90 கோடி ஆயிற்று. 1988ல் கடைசி இரண்டு வருஷங்களுக்கு வருஷம் 48 கோடியே 10 லட்சம். ஆனால் அமெரிக்கா ஒரு தடவை கூட இதை "வாடகை" என்று ஒப்புக்கொள்ளவில்லை. "உதவி", அதுவும் நாடாளுமன்றம் அனுமதித்தால் தருவதற்கு ஜனாதிபதி "முடிந்தவரை முயல்வார்" என்றுதான் எழுதினார்கள். வாடகை என்றால் தராவிட்டால் கேட்கலாம். உதவிக்குக் கணக்குக் கேட்க முடியுமா?

இந்தப் பணமெல்லாம் வந்த காலத்தில் அங்கே ஆண்டவர் பெர்டினாண்ட் மார்க்கோஸ். 1972ல் ராணுவச் சட்டம் போட்டு எதிரிகளைச் சிறையில் தள்ளியவர். தளங்கள் பத்திரமாக இருக்கும் வரை வாஷிங்டன் அவரைப் பொறுத்துக்கொண்டது. 1986 பிப்ரவரியில் மக்கள் வீதிக்கு வந்து அவரை விரட்டியபோது, ஹெலிகாப்டர் அவரை முதலில் கொண்டுபோய் இறக்கிய இடம் கிளார்க். 1989 டிசம்பரில் அடுத்த ஜனாதிபதி கொரசான் அகினோவுக்கு எதிராக ராணுவக் கிளர்ச்சி நடந்தபோது, அவரைக் காப்பாற்ற மணிலா வானில் பறந்தவையும் கிளார்க்கிலிருந்து எழும்பிய அமெரிக்கப் போர் விமானங்கள். சர்வாதிகாரிக்கும் உதவின, ஜனநாயகத்துக்கும் உதவின. எதற்கு உதவுவது என்ற முடிவு மட்டும் மணிலாவில் எடுக்கப்படவில்லை.

எரிமலையும் ஓட்டெடுப்பும்

மார்க்கோஸ் போன பிறகு எழுதிய 1987 அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1991ல் ஒப்பந்தம் முடிந்தபின் அந்நியத் தளமோ படையோ இருக்க வேண்டுமானால் செனட் சபை ஒப்புக்கொண்ட உடன்படிக்கை வேண்டும். எதிர்த் தரப்பும் அதை உடன்படிக்கையாகவே ஏற்க வேண்டும். அதாவது, இனி ஜனாதிபதியின் கையெழுத்து மட்டும் செல்லாது.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே பூமி குறுக்கிட்டது. கிளார்க்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருந்த பினாட்டுபோ எரிமலை, 1991 ஜூன் 15ஆம் தேதி வெடித்தது. அதே நாளில் புயலும் வந்து, மழையில் நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நல்லவேளையாக, பிலிப்பினோ, அமெரிக்க விஞ்ஞானிகளின் எச்சரிக்கையைக் கேட்டு ஜூன் 10ஆம் தேதியே கிளார்க்கைக் காலி செய்திருந்தார்கள். சாம்பலில் புதைந்த கிளார்க் இனி வேண்டாம் என்று அமெரிக்கா முடிவு செய்தது. மிச்சம் சூபிக். அதற்குப் பத்து வருஷம், வருஷத்துக்கு 20 கோடியே 30 லட்சம் டாலர் என்று புது உடன்படிக்கை ஆகஸ்ட் 27ல் கையெழுத்தானது.

வருஷம் 48 கோடி வாங்கிய நாட்டுக்கு இது அடிமாட்டு விலையாகத் தெரிந்தது. அகினோ அம்மையார் ஒரு காலத்தில் தளங்களை எதிர்த்தவர். இப்போது வேலைகளும் உதவியும் போய்விடுமே என்று உடன்படிக்கைக்கு ஆதரவாகத் தாமே ஊர்வலம் நடத்தினார். 1991 செப்டம்பர் 16ஆம் தேதி செனட் கூடியது. இருந்தவர்கள் 23 பேர். ஆதரவு 11, எதிர்ப்பு 12. கடைசி ஓட்டைப் போட்டவர் சபைத் தலைவர் ஜோவிடோ சலோங்கா. 1971ல் அரசியல் கூட்டமொன்றில் வெடித்த குண்டில் படுகாயப்பட்டுப் பிழைத்தவர், மார்க்கோஸின் சிறையையும் பார்த்தவர்.

"ஒரே ஓட்டில் தளம் போச்சு" என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. உடன்படிக்கை நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 ஓட்டு வேண்டும். கிடைத்தது 11தான். இன்னொன்று, எதிர்த்த பன்னிரண்டு பேரும் ஒரே கட்சியோ கொள்கையோ அல்ல. மார்க்கோஸின் ராணுவ மந்திரியாக இருந்த என்ரிலேயும் அதில் உண்டு, மார்க்கோஸ் சிறையில் போட்டவர்களும் உண்டு. சினிமா நடிகராக இருந்து அரசியலுக்கு வந்த ஜோசப் எஸ்ட்ராடாவும் உண்டு.

1992 நவம்பர் 24ஆம் தேதி சூபிக்கில் அமெரிக்கக் கொடி இறங்கியது. கடைசி 1,416 பேரும் புறப்பட்டுப் போனார்கள். நானூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு முதல் தடவையாக அந்நியப் படை இல்லாத பிலிப்பைன்ஸ்.

போன பிறகு

காலி செய்த இடத்தை என்ன செய்வது? ஒலோங்காப்போ மேயர் ரிச்சர்ட் கார்டன் ஆயிரக்கணக்கான ஊர்மக்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, ஒரு பல்பு கூடக் களவு போகாமல் தளத்தைக் காவல் காத்தார். கிளார்க்கில் அப்படிக் காவல் இல்லை, அங்கே கதவு ஜன்னல் வரை பெயர்த்துக்கொண்டு போனார்கள். சூபிக் சுதந்திர வர்த்தகத் துறைமுகமாயிற்று. 1995ல் பெடெக்ஸ் நிறுவனத்தின் ஆசிய மையம் கூபி ஓடுதளத்துக்கு வந்தது. 1996ல் ஆசிய பசிபிக் நாட்டுத் தலைவர்களின் மாநாடே அங்கு நடந்தது. எல்லாமே வெற்றி என்று சொல்லமாட்டேன். பெடெக்ஸ் 2009ல் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது. கொரியாவின் ஹான்ஜின் கட்டிய பெரிய கப்பல் கட்டும் தளம் 2019ல் திவாலானது, 2022ல் கைமாறியது. ஆனால் "தளம் போனால் ஊரே பிச்சையெடுக்கும்" என்ற பயம் பலிக்கவில்லை.

பலித்தது வேறு விஷயம். இடத்தைச் சுத்தம் செய்யும் ஷரத்து இல்லாததால், எண்ணெய், ரசாயனக் கழிவு, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் அங்கேயே கிடந்தன. எரிமலையால் வீடிழந்தவர்களை கிளார்க்கின் பழைய இடத்தில் தங்கவைத்தார்கள். அந்தக் குடும்பங்கள் கிணற்றுத் தண்ணீரால் நோய் வந்ததாக முறையிட்டன. அமெரிக்கா, ஒப்பந்தப்படி எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது.

ராணுவ வேலைகளும் நின்றுவிடவில்லை. ஏழாவது கப்பற்படையின் தளவாட நிர்வாகப் பிரிவு 1992ல் சூபிக்கிலிருந்து சிங்கப்பூருக்கு, செம்பவாங்குக்கு மாறியது. அது பழைய பிரிட்டிஷ் கடற்படைத் தளம். தமிழர்களும் மலையாளிகளும் ஏராளமாக உழைத்த இடம். சிங்கப்பூர் "தளம்" என்ற பெயரில் எதையும் தரவில்லை. வாருங்கள், எண்ணெய் போடுங்கள், பழுது பாருங்கள் என்றது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் கடலில் ஒரு வெற்றிடம். 1995 ஆரம்பத்தில், பலவான் தீவிலிருந்து சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டுமானங்கள் எழுப்பியிருப்பது தெரியவந்தது. 2012ல் ஸ்கார்பரோ திட்டு சீனாவின் பிடிக்குள் போனது. அது லூசோனிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். சூபிக்கில் அமெரிக்கர்கள் இருந்த காலத்தில் அவர்கள் குண்டு போட்டுப் பழகிய இடமே அதுதான். பிலிப்பைன்ஸ் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் 2016 ஜூலை 12ஆம் தேதி தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வாங்கியது. சீனா அதை ஏற்கவில்லை. அமெரிக்கர்கள் போனதால்தான் சீனா வந்தது என்று ஒரு கட்சி சொல்கிறது. 1992க்குப் பின் இருபது வருஷம் சொந்தக் கடற்படையை வளர்க்காமல் விட்டதுதான் காரணம் என்று மறுகட்சி. என் அபிப்பிராயம் இரண்டாவது பக்கம் சாயும். வாடகைக்காரர் காவல் காப்பார் என்று இருந்துவிட்ட வீட்டுக்காரர், அவர் போன பிறகாவது பூட்டு வாங்க வேண்டாமா?

திரும்பி வந்த விதம்

1998ல் ஒரு புதிய உடன்படிக்கை கையெழுத்தாகி, 1999ல் செனட் ஒப்புதல் பெற்றது. அமெரிக்கப் படை பயிற்சிக்கு வரலாம், போகலாம் என்பது சாரம். அதை முன்னின்று நிறைவேற்றிய ஜனாதிபதி யார் தெரியுமா? 1991ல் எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே எஸ்ட்ராடா! 2014ல் இன்னொரு ஒப்பந்தம். அதன்படி 2016ல் ஐந்து இடங்களும் 2023ல் மேலும் நான்கு இடங்களும் அமெரிக்கப் படையின் உபயோகத்துக்குத் திறக்கப்பட்டன. நான்கில் மூன்று லூசோனின் வடக்கில், தைவானைப் பார்த்தபடி இருக்கின்றன.

இந்தக் காகிதத்தை 1947ன் காகிதத்தோடு ஒப்பிடுவோம். 99 வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம், அதன்பின் ஒரு வருஷ நோட்டீஸில் முடிக்கலாம். இடம் பிலிப்பைன்ஸ் ராணுவத்துடையது. கட்டும் கட்டடமும் கடைசியில் அவர்களுக்கே. அணு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. நிரந்தரத் தளம் கிடையாது. இத்தனையும் 1991ல் "இல்லை" என்று சொன்னதால் கிடைத்த மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. வாடகை இப்போதும் இல்லை. 2014 ஒப்பந்தம் செனட்டுக்குப் போகாமலே கையெழுத்தாகி, 2016ல் உச்சநீதிமன்றத்தால் செல்லும் என்று தீர்ப்பானது. கஷ்டப்பட்டுப் போட்ட பூட்டைப் பக்கத்துக் கதவு வழியாகத் தாண்டிவிட்டார்கள் என்று எதிர்த்தவர்கள் வருந்தினார்கள். 2014ல் ஒலோங்காப்போவில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் ஒரு திருநங்கையைக் கொன்றார். பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, இது பழைய காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் சாதாரணச் சிறைக்கு அவர் போகவில்லை, ராணுவ முகாமில் தனிக் காவலில் இருந்தார். 2020ல் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தன் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் இப்போது யோசிக்கிறது. 2022ல் சுமார் 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் ஏவுகணைகள் வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தவணை போய்ச் சேர்ந்தது. அனுப்பியது நம் இந்தியா. 1971ல் அந்தப் பக்கத்திலிருந்து வந்த கப்பலைப் பார்த்துப் பயந்த எங்கள் தலைமுறைக்கு, இந்தத் திருப்பம் ஆச்சரியம்தான்.

நமக்கு என்ன?

சுதந்திர இந்தியா தன் மண்ணில் எந்த வல்லரசுக்கும் தளம் கொடுக்கவில்லை. ஆனால் சும்மா ஒதுங்கியும் இருக்க முடியாது. 2016ல் அமெரிக்காவோடு ஒரு தளவாட ஒப்பந்தம் ஆயிற்று. ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் எண்ணெய், உணவு, பழுதுபார்ப்பு வசதி பெறலாம், அதற்கான தொகையைத் தீர்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற சரக்குக் கப்பல் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் லார்சன் டூப்ரோ தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. இந்தியாவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. 2023ல் அதே தளத்தோடு நீண்டகால ஒப்பந்தமும் போட்டார்கள்.

சூபிக்கில் நடந்த வேலைதானே இதுவும் என்று யாராவது கேட்டால், தொழில் ஒன்று, ஷரத்து வேறு என்பேன். கப்பல் வருகிறது, நம் ஆட்கள் வெல்டிங் செய்கிறார்கள், பில் போடுகிறோம், கப்பல் போகிறது. வாசலில் நிற்கும் காவலாளி நம்மவர். தகராறு என்றால் நம் சட்டம். இந்த நிலை அப்படியே இருக்கும் வரை கவலையில்லை. நாளைக்கு "இங்கேயே ஒரு கிடங்கு, கொஞ்சம் ஆட்கள், நீண்ட காலத்துக்கு" என்று பேச்சு வந்தால், அப்போது நம் பிள்ளைகள் அந்தக் காகிதத்தை வாங்கிப் படிக்க வேண்டும். எந்தத் தேதியில் முடிகிறது, யார் முடிக்கலாம், யார் விசாரிப்பார், யார் சுத்தம் செய்வார் என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். இந்த நான்கு கேள்வியையும் 1947ல் கேட்க முடியாத நிலையில் இருந்த ஒரு ஏழை நாடு, அதில் முதல் கேள்விக்கு விடை வாங்கவே 1966 வரை காத்திருந்தது. அந்த விடையைப் பயன்படுத்த இன்னும் 25 வருஷம் ஆயிற்று.